குல்மார்க்கில் எட்டுப் பேர் எங்கே தங்குவது?

பனிச்சறுக்குக்காக எட்டுப் பேர் சேர்ந்து காஷ்மீரிலுள்ள குல்மார்க் போவது என்று முடிவானதும், எங்களுக்குள் அதிக நாள் இழுபட்ட பேச்சு தங்குமிடத்தைப் பற்றியதுதான். விமானச் சீட்டு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே விலை. சறுக்குப் பலகை, காலணி வாடகையிலும் பெரிய பேரத்துக்கு இடமில்லை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் படுக்கையில்தான் குறைக்க முடியும் என்று எல்லோருக்கும் தோன்றியது. இருவர் ஸ்ரீநகரில் தங்கி தினமும் போய்வரலாம் என்றார்கள். மூவர் மலையடிவாரத்திலுள்ள தங்மார்க்கைச் சொன்னார்கள். வேறு இருவர், வாங்குகிற வாடகையைக் கொடுத்துவிட்டு மேலேயே தங்குவோம் என்றார்கள். முந்தைய ஆண்டு தங்மார்க்கில் தங்கிவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மூன்றையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

இடத்தின் அமைப்பு தெரியாமல் இந்த ஒப்பீடு விளங்காது. குல்மார்க் என்பது பாரமுல்லா மாவட்டத்தில் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில், கிண்ணம்போலக் குழிந்து கிடக்கும் ஒரு புல்வெளி. உதகையைவிட நானூறு மீட்டர் மேலே இருக்கிறது. ஓரளவு சறுக்கத் தெரிந்தவர்களின் நாள், கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியைச் சுற்றியே நகர்கிறது. 1998இல் இயங்கத் தொடங்கிய அதன் முதல் கட்டம் கொங்டூரி வரை செல்கிறது. 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. புதிதாகப் பழகுவோருக்கு அந்த உயரம் தேவையில்லை. கிண்ணத்தின் ஓரத்திலுள்ள சிறு சரிவுகளும் அங்கே பலகையோடு நம்மை மேலே இழுத்துச் செல்லும் கம்பியுமே போதும். குல்மார்க்கிலிருந்து 13 கிலோமீட்டர் கீழே, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் கடைத்தெரு ஊர் தங்மார்க். ஸ்ரீநகர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இது ஒரு தூரமாகவே தோன்றாது. எங்கள் குழுவில் ஸ்ரீநகருக்குக் கைதூக்கிய இருவருமே அப்படிப்பட்டவர்கள்தான்.

ஸ்ரீநகரின் கவர்ச்சி நியாயமானதுதான். குளிர்காலம் அங்குள்ள பல விடுதிகளுக்கும் படகு வீடுகளுக்கும் கூட்டம் குறைந்த பருவம். வாடகை இறங்கியிருக்கும், பேசினால் இன்னும் இறங்கும். தால் ஏரியிலோ அதைவிட அமைதியான நிகீன் ஏரியிலோ உள்ள ஒரு படகு வீட்டில் வழக்கமாக மூன்று நான்கு படுக்கையறைகளும், எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு கூடமும், சாப்பாட்டு அறையும் இருக்கும். எட்டுப் பேருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல, ஒரு படகையே முழுதாக எடுத்துக்கொள்ளலாம். சமைத்துப் போட ஆளும் இருப்பார். சோறு உண்ணும் ஊர் என்பதால் நம்மவர்களுக்கு அங்கே வயிற்றுப் பிரச்சினை இல்லை, சைவர்களுக்கும் ராஜ்மாவும் ஹாக் கீரையும் பருப்பும் எங்கும் கிடைக்கும்.

சிக்கல் காலையில்தான் தொடங்குகிறது. சாலை காய்ந்திருந்தால் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குல்மார்க் போய்விடலாம். பனி பெய்த மறுநாள், அதாவது சறுக்குவோர் எதற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தார்களோ அந்த நாளில், ஸ்ரீநகர் வண்டி தங்மார்க்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், சக்கரத்தில் சங்கிலி பூட்டித்தான் ஏற வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டுப்பாடு. அந்த வண்டி தங்மார்க்கில் உள்ளூர்க்காரர்களிடம் எடுப்பது. ஆக ஒரே நாளில் இரண்டு வண்டி வாடகை. மாலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுவதால், இறங்கும் நேரத்தையும் முன்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள் குல்மார்க் போய்வர ஸ்ரீநகர் பொருத்தமான இடம். நாலு நாள் சறுக்க வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்பது என் முடிவு.

இதைப் பேச்சாகச் சொன்னால் குழு ஏற்காது என்பதால் தாளில் எழுதிக் காட்டினேன். கீழே வரும் தொகைகள் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதற்காகப் போட்டுக்கொண்ட உத்தேச எண்கள். நீங்கள் விசாரிக்கும்போது கிடைக்கும் விலையை அவற்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள். எட்டுப் பேருக்கு மூன்று அறை, நான்கு இரவு, நான்கு சறுக்கு நாள். ஸ்ரீநகரில் அறை ரூ.2,000 என்றால் வாடகை ரூ.24,000 தான். ஆனால் எட்டுப் பேரும் பலகைகளும் ஒரே வண்டியில் ஏற முடியாது. இரண்டு வண்டி வேண்டும். தங்மார்க் வரை போய்வர வண்டிக்கு ரூ.3,000, அங்கிருந்து மேலே போய்வர சங்கிலி வண்டிக்கு ரூ.2,500 என்று வைத்தால், ஒரு நாளைக்கு ரூ.11,000, நான்கு நாளைக்கு ரூ.44,000. மொத்தம் ரூ.68,000. தங்மார்க்கில் அறை ரூ.2,500 என்றால் வாடகை ரூ.30,000, மேலே போய்வர ரூ.20,000, மொத்தம் ரூ.50,000. குல்மார்க்கில் கூடுதல் மெத்தை உட்பட அறை ரூ.6,000 என்று வைத்தால் ரூ.72,000, தினசரி வண்டிச் செலவு கிடையாது. அறை வாடகையில் மும்மடங்கு வித்தியாசமுள்ள ஸ்ரீநகரும் குல்மார்க்கும், கணக்கு முடியும்போது ஆளுக்கு ரூ.500 வித்தியாசத்தில் வந்து நின்றன. சாலை காய்ந்திருந்தால் ஸ்ரீநகரின் செலவு குறையும் என்பது உண்மைதான், ஆனால் பனி வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு யாரும் பனிச்சறுக்குக்குப் போவதில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் ஸ்ரீநகர்க்காரர்கள் இருவரும் கட்சி மாறினார்கள்.

எஞ்சியது தங்மார்க்கா குல்மார்க்கா என்பது. இரண்டுக்கும் வித்தியாசம் ஆளுக்கு ரூ.2,750, அதாவது ஒரு சறுக்கு நாளைக்கு எழுநூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தங்மார்க்கின் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே விருந்தினர் இல்லங்களும், வீட்டின் ஒரு மாடியை விருந்தினருக்கு விடும் குடும்பங்களும் உண்டு. ஒரு முழு மாடியையும் எட்டுப் பேர் எடுத்துக்கொண்டால் வாடகை தனித்தனி அறைகளைவிடக் குறையும். கடைத்தெரு அருகில் இருப்பதால் மருந்து, பழம், ரொட்டி எல்லாம் ஊர் விலைக்குக் கிடைக்கும். குல்மார்க்கைவிட உயரம் குறைவு என்பதால் முதல் இரவு தூக்கம் கெடாது. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பனி போதுமான அளவு விழுந்திருக்கும் நாட்களில், வழிகாட்டியோடு காட்டுவழியாக பாபா ரேஷி தர்கா பக்கமாகச் சறுக்கிக்கொண்டே இறங்கி, கிட்டத்தட்ட வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம்.

ஆனால் தங்மார்க்கில் என் காலைகள் எப்படி இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டுநர் எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார், எட்டரைக்கு வந்தார். வந்தவர் கித்தான் துண்டு ஒன்றைப் பனிமேல் விரித்து, வண்டிக்கு அடியில் பாதி உடலை நுழைத்துப் படுத்துக்கொண்டு, உறைந்து விறைத்த சங்கிலியைச் சக்கரத்தில் கோக்கத் தொடங்கினார். கையுறையோடு கொக்கி மாட்டாது. கையுறையைக் கழற்றினால் இரும்பு விரலில் ஒட்டுகிறது. நாலு கண்ணியைக் கோத்துவிட்டு, ஃபெரன் எனப்படும் நீண்ட அங்கிக்குள் இருந்த காங்ரி என்ற தணல் சட்டியில் விரலைச் சூடேற்றிக்கொண்டு, மறுபடி நாலு கண்ணி. அவர்மேல் கோபப்பட யாருக்கும் மனம் வராது. அதற்குப் பிறகு மலைப்பாதையில் எங்களுக்கு முன்னால் ஒரு சுற்றுலா வண்டி வழுக்கிக் குறுக்கே நின்றுவிட, பின்னால் வந்த அத்தனை வண்டியும் நின்றன. கொண்டோலா வாசலில் நாங்கள் போய் நின்றபோது மணி பதினொன்று. சறுக்க வந்தவர்களோடு, பனியைத் தொட்டுப் பார்க்க வந்த குடும்பங்களும் சேர்ந்து வரிசை வளைந்து கிடந்தது. முதல் சறுக்கு பன்னிரண்டரைக்கு. அன்றைய நாளில் பாதி போயிற்று.

எல்லா நாளும் இப்படி என்று சொல்லவில்லை. வானம் தெளிந்த நாளில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் குல்மார்க் வந்துவிடும். ஆயினும் நான்கு நாளில் ஒரு நாள் இப்படிப் போனால், மிச்சம் பிடித்த ரூ.2,750இல் ஒரு பகுதி அன்றைய பலகை வாடகையிலும் பயிற்றுநர் கூலியிலும் வீணாகிவிடுகிறது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை எழுநூறு ரூபாய்க்குத் தாங்கிக்கொள்ளலாமா என்பதற்கு இருபது வயதில் ஒரு பதிலும் நாற்பது வயதில் வேறு பதிலும் வரும்.

மேலே தங்குவதிலும் எல்லா அறையும் ஒன்றல்ல. குல்மார்க்கில் புதிய கட்டடங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால் அறைகள் எண்ணிக்கையில் குறைவு. பருவத்தில் விலை ஏறுவதற்கு அதுவே காரணம். கொண்டோலா நிலையத்தை ஒட்டியிருக்கும் விடுதிகள் விலை மிகுந்தவை. வண்டி நிற்கும் இடத்துக்கு அருகிலும், கிண்ணத்தின் மறுபக்கத்திலும் உள்ள பழைய விடுதிகள் மலிவு. அங்கிருந்து நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் சற்றுக் கூடுதலாக, பனியில் நடக்க வேண்டும். பலகையைத் தோளில் சாய்த்து, விறைப்பான சறுக்குக் காலணியோடு அந்தத் தூரம் நடப்பது முதல் நாள் பெரும் தண்டனையாகத் தெரியும். காலணியையும் பலகையையும் வாடகைக் கடையிலேயே இரவு விட்டுவிட்டு வர ஒப்புக்கொண்டால் இந்தச் சிரமம் அடியோடு போய்விடும். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள், கேட்டால்தான். இதைக் கேட்கத் தோன்றாமல், நிலையத்துக்குப் பக்கத்து அறைக்காக அதிக வாடகை கொடுப்பவர்கள் பலர்.

ஜம்மு காஷ்மீர் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் குடில்களையும் குழுவாகப் போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டும். படுக்கையறைகளோடு ஒரு கூடமும் உள்ள குடில், எட்டுப் பேர் மாலையில் ஒன்றாக உட்கார இடம் தருகிறது; விடுதியில் யாருடைய கட்டிலிலாவதுதான் கூட வேண்டும். ஆனால் குடில்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தளவாடங்கள் பழையவை என்று முகம் சுளிக்கிறவர்களை அழைத்துப் போனால் அதற்கும் தயாராக இருங்கள்.

அறையின் விலையில் வரியும் ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். ரூ.7,400 அறை வரியோடு ரூ.7,770 ஆகும், ரூ.7,600 அறையோ ரூ.8,968 ஆகிவிடும். இருநூறு ரூபாய் அதிகமுள்ள அறைக்கு ஓர் இரவுக்கு ரூ.1,198 கூடுதலாகக் கொடுக்கிறோம். விலை இந்தக் கோட்டை ஒட்டி இருந்தால், கோட்டுக்குக் கீழே இறக்கித் தரும்படி கேட்பதில் தவறில்லை. விடுதிக்காரருக்கு நட்டம் இருநூறுதான்.

மூவருக்கு ஓர் அறை என்பதை வெறும் சிக்கனமாக நினைக்க வேண்டாம். ஜனவரியில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்குவது அங்கே சாதாரணம். ஸ்ரீநகரில் சில வீடுகளில் தரைக்கு அடியில் நெருப்பெரித்துக் கல்லைச் சூடாக்கும் ஹமாம் உண்டு. குல்மார்க்கின் மலிவு விடுதிகளில் பெரும்பாலும் புகாரிதான். புகாரி என்பது விறகோ கரியோ போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு. புகை குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே போகும். இரவு பத்து மணிக்குப் பணியாளர் வந்து விறகை நிரப்பிப் பற்றவைத்ததும் அறை சென்னைபோல ஆகிவிடும், போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குவோம். அதிகாலை மூன்று மணிக்கு நெருப்பு அணையும். மூன்றரைக்கு மூக்கு நுனி உணர்விழக்கும்போது விழித்து, யார் எழுந்து விறகு போடுவது என்ற மௌனப் போராட்டம் தொடங்கும். மூன்று பேர் இருந்தால் அந்த வேலைக்கு முறை வைத்துக்கொள்ளலாம். மின்சாரப் போர்வை இருந்தால் இந்தக் கதையே இல்லை, மின்சாரம் இருக்கும்வரை. எனவே, "ஹீட்டர் இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்காமல், என்ன வகை, இரவில் எத்தனை மணி வரை, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எப்போதிலிருந்து எப்போது வரை ஓடும், விறகுக்குத் தனிக் காசா என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். எரிவாயு ஹீட்டரை மூடிய அறையில் எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. மலிவாகக் கிடைத்தாலும் அப்படிப்பட்ட அறை வேண்டாம்.

வெந்நீரைப் பற்றியும் அதேபோல் கேட்க வேண்டும். தங்மார்க்கில் நான் தங்கிய வீட்டில் இரண்டாம் நாள் காலை குழாய் உறைந்துபோயிற்று; வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஆளுக்கு ஒரு வாளி சுடுநீர் கொண்டுவந்து வைத்தார். அது போதுமானதாகத்தான் இருந்தது. நனைந்த கையுறையையும் காலுறையையும் உலர்த்த இடம் இல்லாததுதான் உண்மையான துன்பம், ஏனெனில் ஈரக் கையுறையோடு மறுநாள் மலையேற முடியாது. புகாரியைச் சுற்றிக் கொடி கட்ட இடமிருக்கிறதா என்று நான் இப்போது முன்பணம் அனுப்பும் முன்பே கேட்டுவிடுகிறேன். இந்தக் கேள்விகளை எல்லாம் கேட்க, போய்ச் சேர்ந்தபின் வண்டிக்காரரையும் வீட்டுக்காரரையும் அழைக்க, கைப்பேசி வேலைசெய்ய வேண்டும். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே இயங்காது. குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்ட் எண் இருக்கட்டும்.

இதுவரை சொன்னது, ஓரளவு சறுக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் குழுவுக்கு. எட்டுப் பேரும் பலகையையே பார்த்திராதவர்கள் என்றால், என் பரிந்துரை மூன்றில் எதுவும் இல்லை. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அதன் பயிற்சிக் கட்டணத்துக்குள்ளேயே தங்குமிடம், உணவு, பலகை, பயிற்றுநர் எல்லாம் அடங்கிவிடும். இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், குல்மார்க்கில் ஆக மலிவான படுக்கை அந்த வகுப்பறையோடு சேர்ந்து வரும் படுக்கைதான். விலையாக நாம் கொடுப்பது சுதந்திரத்தை: தேதி அவர்கள் குறிப்பது, காலையில் எழும் நேரம் அவர்கள் சொல்வது, கூட்டு அறை. தேன்நிலவுத் தம்பதியைச் சேர்த்துக்கொண்டு போகிற குழுவுக்கு இது ஆகாது. உத்தரகண்டின் ஔலியிலும் கட்வால் மண்டல விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் இதேபோல் 7 நாள், 14 நாள் பயிற்சிகளைத் தங்குமிடத்தோடு நடத்துகிறது, பொதுக்கூட அறைகளும் வைத்திருக்கிறது. சரிவுகள் குல்மார்க் அளவுக்குப் பெரியவை அல்ல. கீழேயுள்ள ஜோஷிமட் ஊரில் நிலம் தாழ்ந்ததையொட்டி அங்கிருந்து ஔலிக்கு ஏறும் கம்பிவட ஊர்தி 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டதால் சாலையை நம்பித்தான் திட்டமிட வேண்டும். டெல்லியிலிருந்து சாலை வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும் அது ஒரு மாற்று.

தேதியும் வாடகைதான். காஷ்மீரில் சில்லை கலான் எனப்படும் கடுங்குளிரின் நாற்பது நாள் டிசம்பர் 21இல் தொடங்கி ஜனவரி 30 வரை நீடிக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விலை உச்சத்தில் இருக்கும், பனியோ உறுதி இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பு நிறப் புல்லாகக் கிடந்தது. மாத இறுதியில்தான் பெய்தது. 2025இல் பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கில் தொடங்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனி போதாமல் மார்ச் 9க்குத் தள்ளிப்போயின. அந்தப் போட்டி நடக்கும் நாட்களில் வீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அறைகள் போய்விடுவதால், மிச்சமிருப்பவை விலையேறும். பிப்ரவரியின் முதல் இரண்டு வாரம் எனக்குப் பிடித்த காலம். எந்த வாரமானாலும், பனி இல்லாவிட்டால் தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் முழுப் பணம் கட்டக்கூடாது. முழுத் தொகையையும் திருப்பித் தருவதாக யாரும் சொல்லமாட்டார்கள். தேதி மாற்றத்துக்கு ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், நான் கேட்ட ஐந்து இடங்களில் இரண்டு ஒப்புக்கொண்டன.

கடைசியில் நாங்கள் எடுத்தது, வண்டி நிறுத்தத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய விடுதியில் மூன்று அறை, நான்கு இரவு. பலகைகள் இரவில் கடையிலேயே கிடந்தன. காலையில் வெறுங்கையோடு நடந்து போய் வரிசையில் முன்னால் நின்றோம். ஒரு நாள் காற்றின் வேகத்தால் இரண்டாம் கட்ட ஊர்தியைப் பன்னிரண்டு மணி வரை திறக்கவில்லை. கீழேயிருந்து வந்தவர்கள் வண்டி வாடகையை எண்ணிக்கொண்டு நின்றபோது, நாங்கள் அறைக்குத் திரும்பி இன்னொரு முறை தேநீர் குடித்துவிட்டு வந்தோம். ஐந்தாம் நாள் ஸ்ரீநகருக்கு இறங்கி, முதலில் கைதூக்கிய அந்த இருவருக்காகவும் நிகீன் ஏரியில் ஒரு படகு வீட்டை முழுதாக எடுத்தோம். அந்த ஓர் இரவு ஆடம்பரம் என்று குழுவில் முணுமுணுப்பு இருந்தது. பனி கொட்டினால் குல்மார்க்கிலிருந்து இறங்கும் பாதை எந்தக் காலையிலும் அடைபடலாம், எட்டுப் பேரின் விமானச் சீட்டும் ஒரே நாளில் வீணாகலாம் என்பதால், அந்தப் படகின் வாடகையை நான் தங்குமிடக் கணக்கில் எழுதாமல் விமானச் செலவில் சேர்த்து எழுதினேன்.